பாடம் கேளாதவர் கையில் பாடநூல்

புனேயில் புத்தகம் வேண்டுமென்றால் அப்பா பல்வந்த் சௌக்குக்குப் போங்கள் என்று, இங்கே குடியேறிய முதல் மாதத்திலேயே யாரேனும் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஜூன் மாதத்து மழையில், பிள்ளைகளை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைகளின் முன்னே நெருக்குண்டு நில்லாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இராது. சென்ற ஆண்டு அவ்வாறு நின்றிருந்தபோதுதான், கட்கியில் குடியிருக்கும் நம்மவர் வீட்டு மருமகள் ஒருத்தியை அங்கே கண்டோம்.

அவள் கையில் இருந்தது பள்ளிப் புத்தகமன்று. அழகுக்கலைப் பயிற்சிக் கையேடு. முன்னர் யாரோ ஒரு மாணவி படித்து, ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதி, பின்பு விற்றுவிட்ட பிரதி. முதற் பக்கத்தில், பயிற்சி மாணவியர்க்கு மட்டுமே உரியது, பிறருக்கு விற்கலாகாது என்று முத்திரை குத்தியிருந்தது.

“இதை வாங்கினால் குற்றமாகுமா, ஐயா?” என்று கேட்டாள்.

உடனே விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. அவள் நிலைமையோ நம் வீடுகள் பலவற்றுக்கும் பழக்கமானது. கணவன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, இரண்டு குழந்தைகள், ஊரில் இருப்பதுபோல் பார்த்துக்கொள்ள மாமியாரோ நாத்தனாரோ அருகில் இல்லை. வகுப்பு நடக்கும் நேரம்தான் குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரம். கட்டணமும் கைக்கு எட்டாதது. ஒரு பயிற்சி நிலையத்துக்குச் சென்று, புத்தகத்தை மட்டுமாவது விலைக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். பாடத்தில் சேர்ந்தால் புத்தகம், சேராவிட்டால் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

அவள் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்து சற்று ஆராய்ந்தோம். முதலில் சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நூலைப் படியெடுக்கும் உரிமையை அதன் உரிமையாளருக்கு அளிக்கிறது. ஆனால் முறையாக விலைகொடுத்து வாங்கிய ஒரு பிரதியை, வாங்கியவர் மறுபடி விற்பதை அது தடுப்பதில்லை. அந்த மாணவி நிலையத்துக்கு ஏதேனும் வாக்குக் கொடுத்திருந்தால் அது அவர்கள் இருவருக்கும் இடையே உள்ள விஷயம். பழைய புத்தகக் கடையில் வாங்குகிற நம் பெண்ணை அது கட்டாது. கையேடு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து விற்பது வேறு செயல். டில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட தீர்ப்பைச் சிலர் இதற்கு மேற்கோள் காட்டுவதுண்டு. அத்தீர்ப்பு கல்வி போதனையின் பொருட்டு எடுக்கும் படிகளுக்கு இடம் தந்ததேயன்றி, பிறர் உழைத்து எழுதியதைச் சந்தையில் கூவி விற்பதற்கு அன்று.

ஆசிரியைகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பல்லாண்டு அனுபவத்தைத் திரட்டி எழுதிய கையேட்டை அற்ப விலைக்கு விற்றுவிட்டால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்று அவர்கள் கேட்பது பிழைப்பைப் பற்றிய கேள்வி. அதை நாம் இகழவில்லை. எனினும் அவர்கள் முன்வைப்பது பெரும்பாலும் வேறொரு காரணம். அரைகுறையாய்ப் படித்தவர் கையில் இரசாயனம் அகப்பட்டால் பிறர் முகத்துக்குக் கேடு என்கிறார்கள்.

கேடு உண்டுதான். தலைமயிர்ச் சாயங்கள் பலவற்றில் பாரா ஃபினைலீன் டையமீன் என்ற பொருள் சேர்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகம் வீங்கும், தோல் கொப்புளிக்கும். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு, லாஷ் லூர் என்ற இமைச்சாயம் பூசப்பட்ட பெண்ணொருத்தி கண்பார்வையை இழந்தாள். அந்நாட்டில் 1938இல் அழகுப் பொருள்களையும் அரசின் கட்டுப்பாட்டில் கொணர்ந்த சட்டம் பிறப்பதற்கு இத்தகைய விபத்துக்களும் காரணமாயின. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சாயம் பூசப்பட்டது அழகு நிலையத்திலேதான். புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டிலே செய்துகொண்ட காரியமன்று.

நம் நாட்டு விதிகளோ இதில் மறைப்பதை விடுத்துச் சொல்லும் வழியையே பின்பற்றின. அழகுப் பொருள் விதிகளின்படி, இத்தகைய சாயத்தின் மேலுறையில் எச்சரிக்கை அச்சிடப்படவேண்டும். காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்கும் சோதனையை, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் விளக்கவேண்டும். புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வை போகக்கூடும் என்பதையும் சொல்லவேண்டும். சாயத்தை வாங்குகிற ஒவ்வொருவரும் பாடம் கேட்டவரா என்று சட்டம் கேட்கவில்லை. கையேட்டின் மிக முக்கியமான பக்கத்தையே சாயப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறது! அப்படியிருக்க, அதே செய்தி விரிவாக உள்ள நூலை மட்டும் பூட்டிவைப்பானேன்?

சென்னை கிண்டியில் தேசியப் பயிற்றுக் கருவி நிறுவனம் என்று ஒன்று உண்டு. ‘நிமி’ என்றால் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு விளங்கும். 1986இல் ஜெர்மானிய உதவியுடன் மத்திய அரசு நிறுவியது. ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் முதலிய தொழில்களுக்கு வெளியிடுவதுபோலவே அழகுக்கலைக்கும் அது பாடநூல் வெளியிட்டிருக்கிறது. விலைக்கு வாங்குபவரிடம் நீ எந்த வகுப்பில் சேர்ந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரத்தைப் பற்றிய நூலையே எல்லாருக்கும் விற்கலாமென்றால், முகப்பூச்சைப் பற்றிய நூலுக்கு ஏன் இத்தனை காவல் என்பது நமக்கு விளங்கவில்லை.

வகுப்புக்கு வர இயலாதவர்க்குக் கல்வியைத் தபாலில் அனுப்பிய முன்மாதிரியும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே சலவைத் தொழில் செய்து பிழைத்துவந்த சி. ஜே. வாக்கர் அம்மையார், கூந்தல் மருந்து விற்று உயர்ந்து, 1908இல் பிட்ஸ்பர்க் நகரில் லீலியா கல்லூரி என்ற பெயரால் அழகுக்கலைப் பள்ளி தொடங்கினார். நேரில் வர முடியாத பெண்களுக்குத் தபால் வழியாகவும் தம் முறையைப் பயிற்றுவித்தார். தாமே ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்தவர் அவர். வகுப்பறை வாசலுக்கு எல்லாராலும் வந்துசேர முடியாது என்பதை அறிந்திருந்தார் போலும்.

இவ்வளவும் சொன்னபின், நூலால் ஆகாததையும் சொல்லத்தானே வேண்டும்? புருவம் திருத்தும் திரெடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூலிழையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, நடுவில் முறுக்கேற்றி, இரு விரல்களை விரித்துச் சுருக்கும் வேகத்தில் மயிர் வேரோடு வரவேண்டும், தோல் அறுபடக்கூடாது. எத்தனை படம் போட்டாலும் அந்த இழுவிசை காகிதத்தில் ஏறாது. முதலில் தன் முழங்கால் மயிரிலும், பிறகு பொறுமையுள்ள ஒரு தங்கையின் முகத்திலும் பழகித்தான் வரும். வாக்ஸிங் மெழுகின் சூட்டை மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பதும் அவ்வாறே. ஆனால் கருவிகளைத் தூய்மை செய்வது, ஒருவருக்குப் பயன்படுத்திய துண்டை மற்றவருக்குப் பயன்படுத்தாமை, எந்தத் தோல்நோயைக் கண்டால் கைவைக்காமல் மருத்துவரிடம் அனுப்புவது போன்ற பாடங்கள் எழுத்திலேயே நன்றாக நிற்கும். கைப்பழக்கம் மட்டும் உள்ளவர்கள் தவறவிடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

அமெரிக்க மாநிலங்களில் இவ்வளவு மணி நேரம் பயிற்சி பெற்று உரிமம் வாங்கினாலன்றிப் பிறர் தலையில் கைவைக்க முடியாது. நம் நாட்டிலோ அத்தகைய தொழில் உரிமம் இல்லை. ஆகவே இங்கே சான்றிதழ் ஒன்றுதான் வாடிக்கையாளருக்கு அடையாளம். அதைக் கையேட்டோடு சேர்த்துக் கட்டி, வீட்டிலிருந்தே படியுங்கள், பட்டயம் வந்து சேரும் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் கோபம் அவர்கள்மீதுதான். கற்றறிந்ததைச் சோதித்துப் பார்த்துச் சான்றளிப்பது நேர்மையான வழி. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில், வேறெங்கோ எப்படியோ கற்ற தொழிலைப் பரீட்சித்து ஏற்கும் பிரிவும் வைக்கப்பட்டது. எந்த வகுப்பில் கற்றாய் என்பதைவிட, செய்து காட்டு என்பதே அங்கே கேள்வி.

நம் கட்கிப் பெண்ணிடம் அன்று இவ்வளவும் சொல்ல நேரமில்லை. வாங்கிக்கொள், தவறில்லை என்று மட்டும் சொன்னோம். வாங்கினாள். ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் மகனிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினாள். அடுத்த தெருவில் பார்லர் வைத்திருக்கும் மராத்தி மாது ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உதவிக்குப் போய்த் திரெடிங் கற்றுக்கொண்டாள். சம்பளம் கிடையாது, மாதுக்கு நம்மூர் முறுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு திருமணத்துக்கு முந்தின நாள், தெரிந்த அம்மாள் ஒருவர் தலைக்குச் சாயம் போடச்சொல்லி வந்திருக்கிறார். காதின் பின்னே ஒரு சொட்டுத் தடவி, நாளைக் காலை வாருங்கள் மாமி என்றாளாம். மாமிக்குக் கடுங்கோபம். பார்லரில் படித்தவர்களே இப்படிக் காக்க வைப்பதில்லையே, நீ என்ன பெரிய டாக்டரா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன் கதவு தட்டப்பட்டது. காதின் பின்புறம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. மாமி நரைத்த தலையுடனேயே, மல்லிகை சற்று அதிகமாக வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு வந்திருந்தார். பந்தியில் நமக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.