ஒரு கடதாசி அளவு இடைவெளி

ரொட்டிக்கு நாம் பிசையும் கோதுமை மாவின் பயணத்திலும் பௌதிகவியல் இருப்பதை, உயர்தரத்தில் அப்பாடத்தைக் கற்கும் நான் இங்கு விளக்க விரும்புகிறேன்.

மா ஆலைகளில் அமுக்கமுள்ள காற்றே மாவைக் குழாய் வழியே தள்ளுகிறது. குழாய்க்குள் மா இறங்க வேண்டும். காற்று மேலே தப்பக்கூடாது. இதற்கு உதவுவது சுழல் வால்வு. வட்டமான கூட்டுக்குள் பல தகடுகளுள்ள சுழலி சுற்றும். தகடுகளுக்கு இடையிலுள்ள அறைகள் மேலே மாவை ஏந்திக் கீழே கொட்டும்.

தகட்டு நுனிக்கும் கூட்டுக்கும் இடையே பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் இடைவெளியே இருக்கும். அதாவது ஓரிரு கடதாசித் தடிப்பு. நுனி தேய்ந்தால் காற்றுக் கசிந்து, இறங்கும் மாவைத் தடுக்கும். ஆகவே சில வால்வுகளில் நுனியில் தனிப்பட்டி பூட்டப்படுகிறது. அதன் துளைகள் நீளமானவை. போல்ட்டைத் தளர்த்தி, பட்டியைச் சற்று வெளியே நகர்த்தி, மீண்டும் இறுக்கலாம். சுழலி முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

மிக நெருக்கினாலோ, உலோகம் உலோகத்தில் உராய்ந்து சூடும் தீப்பொறியும் பிறக்கும். மாத்தூசு வெடிக்கக்கூடியது. 1878 மே 2 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மாத்தூசு தீப்பற்றி, வொஷ்பேர்ன் ஆலை வெடித்ததில் 18 பேர் உயிரிழந்தனர்.

எனவே மின்சாரத்தைத் துண்டித்த பின்பே பட்டியைச் சரிசெய்ய வேண்டும். மெல்லிய அளவுத் தகட்டால் சுற்றிலும் இடைவெளியை அளந்த பின்பே மீண்டும் இயக்க வேண்டும். கசிவைத் தடுப்பதற்கு வெறும் இறுக்கம் போதாது. சரியான அளவே வேண்டும்.