குளிரில் கியர் விழவில்லையா?

தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலைப் பனி தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடும். அந்த நேரத்தில் வேனை எடுக்கும் சாரதிமார், "கியர் விழ மாட்டேங்குது" என்று சொல்வதை நாம் கேட்கிறோம். பிரசவ வலி கண்ட தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயத்துப் பக்கம் இருப்பது பல சமயம் ஒரேயொரு வேன்தான். ஆகவே இது சாரதிக்கு மட்டும் உரிய விஷயமல்ல.

கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் ஒயிலில் நனைந்தபடி சுற்றுகின்றன. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதை வீட்டில் பார்க்கிறோம் அல்லவா? கியர் ஒயில் அப்படி உறையாது, ஆனால் தடித்துப்போகும். கியர் மாற்றும்போது சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்த உள்ளே பித்தளை வளையங்கள் உண்டு. ஒயில் தடித்திருந்தால் அவை பிடிக்காமல் வழுக்கும். அதனால்தான் கியர் முரண்டு பிடிக்கிறது.

எல்லாக் குற்றத்தையும் குளிர் மேல் போடவும் கூடாது. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் கியர் இலகுவாகிறதா? ஒயில்தான் காரணம்.

2. எஞ்சினை நிறுத்தினால் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லையா? கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் கேபிளையோ கிளட்ச் ஒயில் மட்டத்தையோ பார்க்க வேண்டும்.

3. சூடேறிய பின்பும், எஞ்சினை நிறுத்தினாலும் இறுக்கமா? கியர் கேபிளில் துருவோ சேறோ இருக்கலாம். கராஜில் காட்டுங்கள்.

ஒயில் மாற்றும்போது வாகனக் கைநூலில் சொன்ன இனத்தையே ஊற்றுங்கள். 75டபிள்யூ-90 என்பது போல டப்பாவில் எழுதியிருக்கும். முன்னால் உள்ள எண் குறைந்தால், அந்த ஒயில் குளிரிலும் இளகி ஓடும். பல நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான். அதில் கியர் ஒயில் ஊற்றக் கூடாது. இளக்குவதற்காக மண்ணெண்ணெய் கலப்பது பல்சக்கரத்தையே தின்றுவிடும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி, நியூட்ரலில் வைத்து, கிளட்சிலிருந்து காலை எடுத்து இரண்டு நிமிஷம் விடுங்கள். உள்ளே ஒயில் கலங்கிக்கொள்ளும். இதை மூடிய கொட்டகைக்குள்ளோ, லயத்து யன்னலோரமோ செய்யாதீர்கள். அந்தப் புகை உயிரையே பறிக்கும்.

முக்கியமானது இறக்கம். கியர் விழவில்லை என்று நியூட்ரலில் இறங்கினால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் வரும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேட்டிலேயே நிறுத்திச் சிறிய கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். அது விழவில்லையென்றால் வாகனத்தை இறக்க வேண்டாம்.

வேனில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த இரண்டு நிமிஷம் சாரதியை அவசரப்படுத்தாதீங்க. அது வீணாகப் போகும் நேரமல்ல.