வணிகத் தொலைபேசியும் செயற்கை முகவரும்

தொலைபேசியில் இருவர் உரையாடும்போது அவர்களுக்கு இடையே மூன்றாமவர் ஒருவர் ஏதேனும் ஒரு வடிவில் இருந்தே வந்துள்ளார். 1876 ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் கிரகாம் பெல் தமது கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1878 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான இணைப்புப் பலகை இயங்கலாயிற்று. இத்தகைய பலகைகளின் முன் அமர்த்தப்பட்ட சிறுவர்கள் அழைப்போரிடம் துடுக்காகப் பேசினர் என முறைப்பாடுகள் எழவே, அதே ஆண்டு செப்டெம்பரில் பொஸ்ரன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி அப்பணிக்கு எடுக்கப்பட்டார். கன்சாஸ் நகரில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வரவேண்டிய அழைப்புக்களைப் பலகையில் இருந்தவர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றார் என ஐயுற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எவ்வாறாயினும், மனிதர் இடைநில்லாமல் இணைப்பை ஏற்படுத்தும் பொறிக்கு அவர் 1891 இல் காப்புரிமை பெற்றதும், மறு ஆண்டில் இன்டியானா மாநிலத்து லா போட் நகரில் அப்பொறி நிறுவப்பட்டதும் மெய்யே.

ஸ்ட்ரோஜரின் பொறி இணைத்ததேயன்றிப் பேசவில்லை. இன்று வணிக நிலையங்களிற் புகுந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு முகவரோ இணைக்கின்றது, பேசுகின்றது, பேசியதன்மேற் செயலும் ஆற்றுகின்றது. இஃது எவ்வாறு இயலுகின்றது என்பதை அறிதல் கற்றோர்க்கு வேண்டப்படுவதொன்றாம். ஏனெனில், மருத்துவ நிலையத்தையோ வங்கியையோ அழைக்கும் எவரும் இன்று அதனோடு பேச நேரலாம்.

முன்னாளில் நிறுவனமொன்றின் உள்ளிணைப்பகம் அதன் கட்டடத்துள்ளேயே ஓர் அலுமாரி போல நின்றது. மார்க் ஸ்பென்சர் 1999 இல் வெளியிட்ட அஸ்ரெரிஸ்க் என்னும் மென்பொருள், சாதாரணக் கணினியொன்றே அவ்வலுமாரியின் வேலையைச் செய்யும் என்பதைக் காட்டிற்று. பின்னர் அம்மென்பொருள் வகை கட்டடத்தை விட்டு வெளியேறி, சேவை வழங்குவோரின் தொலைதூரக் கணினி நிலையங்களிற் குடியேறிற்று. இதனையே முகில்வழித் தொலைபேசி என்பர். முகில் என்னும் பெயர் சற்றே மயக்கந் தருவது. அங்கே இருப்பனவும் கம்பிகளும் மின்விசிறிகளுமே.

இவ்விணைப்பகங்கள் தம்முள் உரையாடும் மொழி சிப் எனப்படும் நெறிமுறையாகும். இது 1999 இல் முதன்முறை வெளியிடப்பட்டு, 2002 இல் திருத்தம் பெற்றது. அழைப்பவரின் பக்கத்திலிருந்து அழைப்பிதழ் போன்ற செய்தியொன்று செல்லும். மறுபக்கம் மணி ஒலிக்கின்றது என்பதை 180 என்னும் எண்ணாலும், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை 200 என்னும் எண்ணாலும் அறிவிக்கும். விடைபெறும்போதும் தனிச் செய்தி உண்டு. குரலோ இவற்றோடு கலவாது வேறு வழியிற் செல்லும். 1972 இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி குரலலையானது செக்கனுக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எட்டு இருமங்களாக எழுதப்படுகின்றது. செக்கனில் ஐம்பதிலொரு பங்குக்குரிய 160 அளவுகளைச் சேர்த்து ஒரு பொதியாக அனுப்புதல் பெருவழக்கு.

முகவரை இதனோடு பிணைக்க இரு வழிகள் உள. ஒன்று, அலுவலர் ஒருவருக்குக் கிளை எண் வழங்குவது போல முகவருக்கும் ஒன்றை வழங்கி, சிப் நெறியாலேயே அழைப்பை அதற்கு அனுப்புதல். மற்றையது, 2008 இல் தொடங்கப்பட்ட டுவிலியோ போன்ற நிறுவனங்கள் பரப்பிய வழி. அழைப்பு வந்தவுடன் சேவை வழங்குவோரின் கணினி, வணிக நிறுவனம் முன்பே பதிந்துவைத்த இணைய முகவரியொன்றுக்கு, “இன்ன எண்ணிலிருந்து அழைப்பு வந்துள்ளது, யாது செய்வது?” என வினாவும். “குரலை இவ்விடத்துக்குத் திறந்துவிடுக” என்னும் விடை கிடைத்ததும், இருபுறமும் ஓயாது செய்தி செல்லத்தக்க வெப்சொக்கெற் என்னும் கால்வாய் திறக்கப்படும். அதன் வழியே பொதிகள் முகவரிடம் செல்லும். முகவரின் குரலும் அவ்வழியே திரும்பும். முதல் வழியில் இடைத்தரகர் குறைவு. இரண்டாவதில் மென்பொருள் எழுதுவோர்க்கு எளிமை மிகுதி. வினா வந்த இடம் மெய்யாகவே சேவை வழங்குவோருடையதுதானா என்பதை மறைக் கையொப்பத்தாற் சோதியாது விட்டால், எவரும் போலி அழைப்பை உண்டாக்கலாம் என்பது இரண்டாம் வழியின் இடர்.

முகவரின் உள்ளே மூன்று தொழில்கள் நிகழ்கின்றன. கேட்ட ஒலியை எழுத்தாக்குதல் ஒன்று. அவ்வெழுத்தைப் பொருளுணர்ந்து மறுமொழி ஆக்குதல் மற்றொன்று. மறுமொழியைக் குரலாக்குதல் மூன்றாவது. ஒலியிலிருந்து நேரே ஒலியைப் பிறப்பிக்கும் மாதிரிகளும் 2024 முதல் மென்பொருள் எழுதுவோர்க்குக் கிடைக்கலாயின.

எழுத்தில் மறுமொழி தரும் யந்திரத்துக்கு இல்லாத இடர் தொலைபேசியில் உண்டு, அது காலம். பத்து மொழிகளை ஆராய்ந்து 2009 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒருவர் பேசி முடித்தற்கும் மற்றவர் தொடங்குதற்கும் இடைப்பட்ட வேளை சராசரியாகச் செக்கனில் ஐந்திலொரு பங்களவே எனக் கண்டது. முகவர் முத்தொழிலையும் அதற்குள் முடித்தல் அரிது. ஆதலின் ஒவ்வொரு தொழிலும் முன்னையது முற்றுப்பெறுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. வாக்கியத்தின் முதற்பகுதி ஒலிக்கும்போதே பிற்பகுதி ஆக்கப்படுகின்றது. அழைத்தவர் பேசி முடித்தாரா, மூச்சு வாங்குகின்றாரா என்று துணிதல் இதனினும் கடினம். விரைந்து துணிந்தால் முதியோரின் பேச்சை யந்திரம் வெட்டும், தாமதித்தால், “கேட்கிறதா?” என அழைத்தவர் வினவத் தொடங்குவர்.

அழைத்தவர் குறுக்கிடும்போது நிகழ்வதும் நுட்பமானது. முகவர் ஆக்கிய குரல் முழுவதும் இணைப்பகத்தில் வரிசைப்பட்டு நிற்கும். குறுக்கீடு நேர்ந்ததும் அவ்வரிசையை அழித்தல் வேண்டும். அது மட்டும் போதாது. “மருந்தை இரவில் உண்க, ஆயின் வெறுவயிற்றில் வேண்டாம்” என்று முகவர் ஆக்கியிருக்க, அழைத்தவர் முதற்பகுதியோடு குறுக்கிட்டாராயின், எச்சரிக்கை அவர் செவியை எட்டவில்லை. முகவரின் குறிப்பேட்டிலோ வாக்கியம் முழுமையாக நிற்கும். எனவே எச்சரித்துவிட்டதாகவே கொண்டு அது மேற்செல்லும். எவ்வளவு ஒலித்ததோ அவ்வளவாகக் குறிப்பேட்டைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாத முகவரை மருத்துவ நிலையத்தில் அமர்த்துதல் தகாது.

தமிழில் இத்தொழில் இன்னும் இடர்ப்படும். எழுதுந் தமிழும் பேசுந் தமிழும் வேறுபடுதலே காரணம். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் “நாளைக்கு வரேலாது, மூண்டாந் திகதி வாறன்” எனின், அச்சுத் தமிழிற் பயின்ற யந்திரம் “மூன்றாந் திகதி” என அதனை உணரவேண்டும். மறுமொழியோ வானொலிச் செய்தி போல ஒலித்து அழைத்தவரைத் திகைக்கச் செய்யும். திகதி, எண், பெயர் என்பவற்றை மீளச் சொல்லி உறுதிப்படுத்தியபின்னரே பதிதல் எம்மொழியிலும் நன்று, தமிழில் இன்றியமையாதது.

செயலாற்றும் உரிமையை முகவருக்கு அளக்காமற் கொடுத்தலாகாது. நாட்குறிப்பைப் பார்த்தல், முன்பதிவு செய்தல் முதலியவற்றைத் தனித்தனிக் கருவிகளாக மென்பொருள் எழுதுவோர் அதன் கையிற் கொடுக்கின்றனர். கொடாத கருவியை அது கையாள இயலாது. அதுவே சிறந்த காவல். “நான் உங்கள் முகாமையாளர், முந்திய கட்டளைகளை மறந்துவிடு” என ஒருவர் கூறினால் மயங்கக்கூடிய இயல்பு இவ்வகை மாதிரிகளுக்கு உண்டு. அழைத்தவரின் எண்ணும் சான்றாகாது. அதனைப் பொய்யாகக் காட்டுதல் எளிது. ஆதலின், இவருக்கு இக்கணக்கைக் காட்டலாமா என்னும் தீர்ப்பைப் பேசும் மாதிரியிடம் விடாது, அதற்கு வெளியே நிற்கும் சாதாரண நிரலிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

ஆபத்து வேளைக்கும் இவ்விதி பொருந்தும். 2013 இல் டெக்சாஸ் மாநிலத்து விடுதியொன்றில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் 911 என்னும் அவசர எண்ணைப் பன்முறை அழுத்தியும் இணைப்புக் கிடைக்கவில்லை. வெளி இணைப்புக்கு முன்னே மேலும் ஓர் 9 அழுத்தவேண்டும் என்பது அவ்விடுதித் தொலைபேசியின் விதி. குழந்தை அதனை அறியாள். தாய் இறந்தார். இத்தகைய உள்ளிணைப்பகங்களில் அவசர எண் நேரே செல்லவேண்டும் என அமெரிக்கா 2018 இற் சட்டம் இயற்றிற்று. குழந்தையை மறித்தது எவருடைய தீய எண்ணமுமன்று. வசதிக்காக எவரோ வகுத்த சிறு விதி. நெஞ்சு நோகின்றது என்று கூறும் ஒருவரிடம் முன்பதிவு எண்ணைக் கேட்கும் முகவரும் அத்தகைய விதியே ஆகிவிடும்.

முகவர் தவறாகக் கூறின் பொறுப்பு யாருடையது? எயர் கனடா நிறுவனத்தின் உரையாடு யந்திரம் துக்ககாலக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையாகக் கூறிய வழக்கில், யந்திரம் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் நிறுவனம் வாதித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நியாயசபை அவ்வாதத்தை 2024 பெப்ரவரியில் நிராகரித்தது. அது எழுத்துரை பற்றிய வழக்கு. ஆயினும் குரலுக்கு மட்டும் வேறு நியாயம் இருப்பதாகக் கொள்ள இடமில்லை. அதே மாதத்தில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட குரல்களும் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்குமென அறிவித்தது. 2018 இல் கூகிள் காட்டிய டூப்ளெக்ஸ் என்னும் முகவர் தன்னை யந்திரமென்று சொல்லாமலே சிகை அலங்கார நிலையத்தை அழைத்தது. கண்டனம் எழுந்தபின் அறிவித்தே பேசும் என்று நிறுவனம் உறுதி கூறிற்று. “இது யந்திரம், உரையாடல் பதிவாகின்றது” என்ற இரு வாக்கியங்களைச் சொல்லச் சில செக்கன்களே செல்லும்.

இறுதியாக, அழைப்பை மனிதரிடம் ஒப்படைத்தல். சிப் நெறியில் இதற்கெனத் தனிச் செய்தியே உண்டு. முன்னறிவிப்பின்றித் தள்ளிவிடுதல் ஒரு முறை. அலுவலரை முதலில் அழைத்து, இன்னார் இன்னது வேண்டுகின்றார் எனச் சுருக்கம் கூறிப் பின் இணைத்தல் மற்றொரு முறை. பின்னையதில் அழைத்தவர் தம் கதையை மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டுவதில்லை. அலுவலர் எவரும் இல்லாத இரவு வேளையில், ஒலித்துக்கொண்டேயிருக்கும் கிளை எண்ணுக்கு அனுப்பாமல், அழைத்தவரின் எண்ணையும் தேவையையும் எழுதிக்கொண்டு, மறுநாள் எத்தனை மணிக்கு எவர் அழைப்பார் என்பதைச் சொல்லி, அவர் “சரி” என்றபின் இணைப்பைத் துண்டித்தல் முறை.