எஞ்சினின் மூச்சுத்துளை

கராஜ்களில் டெப்பட் கவர் என்று சொல்லப்படும் வால்வு மூடியின் மேல் ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ப்ரீத்தர். சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் கசிகிறது. புத்தம்புது எஞ்சினிலும் இந்தக் கசிவு உண்டு; தேய்ந்த எஞ்சினில் பல மடங்காகும். கசிந்தது வெளியேற வழி போதாவிட்டால் அறையில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில், பெரும்பாலும் ஒயில் சீல்களில், எண்ணெயைப் பிதுக்கும். கிராங்கின் பின்பக்க சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்ச்சில் படும். வெல்லவாயவிலிருந்து எல்ல வரை ஏறும் வண்டிக்கு வழுக்கும் கிளட்ச்சைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

பெற்றோல் எஞ்சினில் இந்த வாயுவை வெளியேற்ற ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வெற்றிடமே, பி.சி.வி. என்ற சிறு வால்வு வழியாக அதை உறிஞ்சி மீண்டும் எரிக்கக் கொடுத்துவிடும். ஆனால் எக்சலரேட்டரை முழுதாக மிதித்தவுடன் அந்த வெற்றிடம் ஏறக்குறைய மறைந்துவிடும். கசிவு உச்சத்தில் இருப்பதும் அதே வேளையில்தான். தேவை குறைந்தபோது நன்றாக இழுத்து, தேவை மிகுந்தபோது கைவிடுகிற ஏற்பாடு இது. அப்போது வாயு மறுபக்கக் குழாயில், அதாவது டெப்பட் கவரிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் ப்ரீத்தரில், தலைகீழாகப் பாயும்.

மலைநாட்டில் இது அடிக்கடி நடக்கிறது. பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட நூற்றுக்கு 14 பங்கு அளவு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதற்கேற்பக் குறைந்த காற்றையே உள்ளிழுக்கும். கொழும்பில் பாதி மிதியில் ஏறும் ஏற்றத்தை இங்கே இன்னும் ஆழமாக மிதித்துத்தான் ஏற முடியும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வண்டி நீண்ட நேரம் அந்த நிலையிலேயே இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் சிலிண்டர் தலையில் உள்ள எண்ணெயும் ஒரு பக்கமாகக் குவிந்து, ப்ரீத்தரின் வாய்வரை வந்து நிற்கும்.

ப்ரீத்தரின் துளையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது. தேய்ந்த எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 60 லீற்றர் வாயுவைக் கசியவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு ஒரு லீற்றர். உள்விட்டம் 8 மில்லிமீற்றர் உள்ள ப்ரீத்தரில் அது விநாடிக்கு 20 மீற்றர் வேகத்தில் பாயும். விட்டத்தை இருமடங்காக்கி 16 மில்லிமீற்றர் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, வேகம் 5 மீற்றருக்கு இறங்கும். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் அது 16-இல் ஒரு பங்காகும். பலரும் பேசுவது இந்த அழுத்தத்தைப் பற்றித்தான். உண்மையில் பெரிய இலாபம் வேகம் குறைந்ததில் இருக்கிறது. மழைத்துளிகளில் மிகப் பெரியதுகூட விநாடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில்தான் விழும். ஆகவே 20 மீற்றர் வேகத்தில் மேலேறும் வாயு எத்தனை பெரிய எண்ணெய்த் துளியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். 5 மீற்றரில் பெருந்துளிகள் திரும்ப விழத் தொடங்கும். கவரின் உள்ளே 40 சதுர சென்ரிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள அறை ஒன்று இருந்தால், வாயு அதற்குள் விநாடிக்கு 25 சென்ரிமீற்றர் என்ற நடையில் நகரும். முடியின் தடிமனைவிடச் சற்றுப் பெரிய துளிகூட அங்கே தங்கிவிடும்.

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் தரம் பிரிக்கும் அறைகளில் இதே வேலை நடக்கிறது. விழும் தேயிலையின் குறுக்கே காற்றை ஓட்டித் தூற்றும் இயந்திரத்தில், கனத்த மணி பக்கத்துப் பெட்டியில் விழும், இலேசானது அடுத்ததில், தூள் அதற்கும் அப்பால். காற்றின் வேகத்தைக் கூட்டினால் நல்ல மணியும் தூளோடு பறக்கும். குறைத்தால் எல்லாம் முதல் பெட்டியிலேயே குவியும். டெப்பட் கவரும் அப்படியொரு தூற்றும் இயந்திரமே. முதல் பெட்டி எஞ்சினின் உள்ளே இருக்கிறது, அதில் விழும் எண்ணெய் இலாபம். இரண்டாவது பெட்டி, வெளியே மாட்டும் எண்ணெய்ச் சேகரிப்புக் குவளை. மூன்றாவது, காற்று வடிகட்டி. தொழிற்சாலைக் கூரை மரத்தில் படியும் பஞ்சு போன்ற மெல்லிய துகளுக்கும் இங்கே இணை உண்டு: ஒரு மைக்ரோன் அளவுள்ள எண்ணெய்ப் பனி. அது விநாடிக்கு ஒரு மில்லிமீற்றரில் ஒரு சிறு பின்னம்தான் இறங்கும். துளையை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பறந்தே போகும். அதைப் பிடிக்க வாயுவைத் திடீரெனத் திருப்பி, தகட்டிலோ கம்பி வலையிலோ மோதவிட வேண்டும்.

இதனால்தான் கவரின் உட்புறத்தில் எஞ்சின் தயாரிப்பாளரே ஒரு தடுப்புத் தகட்டைப் பொருத்தி அனுப்புகிறது. வெளியே பெரிய பித்தளை அல்லது அலுமினியப் பொருத்தி பளபளக்க, தகட்டின் நுழைதுளை பழைய 8 மில்லிமீற்றரிலேயே இருக்கும் கவர்கள் ஏராளம். பாதை முழுவதிலும் மிகக் குறுகிய இடம்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். மற்ற இடங்களில் செலவழித்த பணம் கண்ணுக்கு மட்டுமே விருந்து. பொருத்தியின் எண்ணும் ஏமாற்றும். ஏ.என். 10 என்பது 10/16 அங்குலம், ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள குழாய்க்கான அளவு. அதன் உள்துளை அதைவிடச் சிறியது. வளைந்த முழங்கை வடிவில் வாங்கினால் இன்னும் சிறியதாக இருக்கலாம். வாங்குமுன் வேர்னியர் அளவியை உள்ளே விட்டுப் பார்ப்பதே உத்தமம்.

துளையைப் பெரிதாக்கும் வேலை தொடங்கும்போது தடுப்புத் தகட்டின் திருகாணிகளையோ ரிவெட்டுகளையோ அகற்றித் தகட்டை வெளியே எடுக்க வேண்டும். தகடு இருக்கும்போதே ட்ரில் போட்டால் சிக்கிய அலுமினியச் சீவல் பின்னர் கேம் தாங்கிகளுக்குள் போகும். கவரின் சுவர் பெரும்பாலும் 3, 4 மில்லிமீற்றரே இருப்பதால், 1.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள மரை மூன்று சுற்றுகூடப் பிடிக்காது; அதிர்வில் கழன்றுவிடும். டிக் வெல்டிங்கில் அலுமினியக் கழுத்து ஒன்றை ஒட்டுவதே உறுதியானது. பல வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பை நன்றாகக் கழுவிச் சூடாக்கி எண்ணெயை வெளியேற்றாவிட்டால் ஒட்டு முழுதும் நுண்துளைகளாகும். கவரைப் பழைய சிலிண்டர் தலையிலோ தடித்த தகட்டிலோ போல்ட் போட்டு முறுக்கி, சிறிது சிறிதாக ஒட்டாவிட்டால் அடிவிளிம்பு கோணும். பிறகு எந்தக் கெஸ்கட்டும் எண்ணெயை நிறுத்தாது. சில கவர்கள் மெக்னீசியக் கலவை. அவற்றின் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கும், ஆகவே உலோகம் எதுவென்று தெரியாமல் கைவைக்கக்கூடாது. பிளாஸ்டிக் கவரை விட்டுவிட வேண்டியதுதான். புதிய துளை தடுப்பறைக்கு உள்ளேதான் திறக்க வேண்டும். வெளியே திறந்தால் சுழலும் கேம் வீசும் எண்ணெய் நேராகக் குழாய்க்குள் போகும். தங்கும் எண்ணெய் வடிய ஒரு சிறு துளையும் தேவை. அதன் வாய் எண்ணெயில் மூழ்கியிருந்தால் வாயு அந்த வழியாகக் குறுக்கே ஏறாது.

கசியும் வாயுவை வெளியேற்றிய வரலாறு சுருக்கமானது. பல காலம் இந்த வாயு ஒரு குழாய் வழியாகத் தெருவில் கொட்டப்பட்டது. லொஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தில் அதற்கும் பங்கு உண்டென்று தெரிந்தபின், 1961-இல் கலிபோர்னியா பி.சி.வி.யைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது. இலங்கையில் 2008 முதல் நடக்கும் வாகனப் புகைப் பரிசோதனை புகைக்குழாயின் முனையில் அளக்கிறது. ஆகவே ப்ரீத்தரைத் திறந்துவிட்ட வண்டி அதில் தப்பிவிடலாம். ஆனால் அந்த வாயு ஓட்டுநரின் அறைக்குள் நுழையும், சூடான புகைப்போக்கியில் எண்ணெய் சொட்டினால் தீயும் பிடிக்கும். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றத்திலும் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லிலும் பந்தயக் கார்களைப் பார்த்துவிட்டுத் தெருவண்டியில் திறந்த ப்ரீத்தர் வைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். உலக மோட்டார் கூட்டமைப்பின் விதிகளே அப்படித் திறந்துவிடும் எஞ்சினுக்கு, 2,000 சி.சி. வரை 2 லீற்றர், அதற்கு மேல் 3 லீற்றர் சேகரிப்புக் குவளையைக் கேட்கின்றன. ஓடுபாதையில் ஒரு சொட்டும் விழக்கூடாது என்பதே காரணம்.

பெரிய ப்ரீத்தர் குதிரைத்திறனைக் கூட்டும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. பந்தய எஞ்சின்களில் பம்பு வைத்து கிராங்க் அறையை வெற்றிடமாக்கும்போது திறன் சற்றுக் கூடுவது உண்மை. துளையைப் பெரிதாக்குவது வெற்றிடத்தைத் தராது, இருந்த அழுத்தத்தை நீக்குவதோடு சரி. காலைக் குளிரில் அதற்கு ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உருவாகும். கசியும் வாயுவோடு வரும் அதன் ஆவி, பனிக்காற்றில் தொங்கும் நீண்ட தடித்த குழாயில் குளிர்ந்து, எண்ணெயோடு கலந்து வெண்ணெய் போன்ற கசடாகும். குழாய் குட்டையாகவும், குவளையை நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். குவளையை அடிக்கடி காலிசெய்யவும் வேண்டும்.

பழைய டீசல் லொறிகளில் ஆபத்து இன்னும் பெரிது. ப்ரீத்தர் வழியே வரும் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போனால் அதையே எரிபொருளாக்கி எஞ்சின் கட்டுமீறிச் சுழலும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும். இத்தகைய வண்டிக்குப் பெரிய துளையும் நல்ல சேகரிப்புக் குவளையும் பாதுகாப்பே, ஆனால் தேய்ந்த ரிங்கை அவை மறைத்துவிடும்.

ஆகவே துளையிடுமுன் அளந்து பார்க்க வேண்டும். ஒளிபுகும் குழாயொன்றை யூ வடிவில் வளைத்துப் பாதிவரை நீர் ஊற்றி, ஒரு முனையை எண்ணெய்க் குச்சி செருகும் குழாயில் இறுகச் செருகினால் போதும், மறுமுனை திறந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது நீர்மட்டங்களின் வேறுபாடு 10 சென்ரிமீற்றர் என்றால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல். நல்ல எஞ்சினில், நின்றபடி ஓடுகையில், மட்டம் சமமாகவோ சற்று உள்ளிழுத்தோ இருக்கும். துளை பெரிதானபின் அதே சுழற்சி வேகத்தில், அதே சுமையில் மீண்டும் அளக்க வேண்டும். வேறுபாடு குறைந்தால் பழைய துளை போதாமலிருந்தது என்று பொருள். குறையாவிட்டால் தகட்டின் நுழைதுளையைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் சிலிண்டர் தலையைக் கழற்றி ரிங்குகளை மாற்றும் வேலை காத்திருக்கிறது.