பி.எஸ்.சி. படிச்சா வேலை கிடைக்குமா? பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

சிவகாசி, மே.14-

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் பட்டாசு, அச்சகத் தொழிலாளர்கள் வீடுகளில் ஒரே பேச்சுதான். டாக்டருக்கு நீட் மார்க் வரலை. என்ஜினீயரிங்குக்கு கையில காசு இல்லை. கடைசியில் "சரி, ஏதாவது ஒரு பி.எஸ்.சி.யில சேர்த்து விடுவோம்" என்கிறார்கள்.

அந்த "ஏதாவது ஒரு" என்பதில்தான் வினையே இருக்கிறது. விவரம் தெரிந்து சேர்ந்தால் அறிவியல் படிப்பு நல்ல படிப்பு. தெரியாமல் சேர்ந்தால் 3 வருஷம் வீண்.

பாதி படிப்பு லேப்பில்

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எது எடுத்தாலும் 3 ஆண்டு, 6 செமஸ்டர். தமிழ், ஆங்கிலம், மெயின் பாடம், அதோடு துணையாக ஒரு 'அலைடு' பாடமும் உண்டு.

வேதியியல் மாணவியிடம் ஒரு உப்பைக் கொடுத்து, என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தீயில் காட்டினால் பேரியம் பச்சையாக எரியும். ஸ்டிரான்சியம் சிவப்பாக எரியும். மத்தாப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

ஏன் அந்த நிறம் என்பதுதான் பாடம். சூடு பட்டதும் அணுவில் உள்ள எலக்ட்ரான் மேலே எழும்பும். திரும்ப இறங்கும்போது அந்த சக்தி வெளிச்சமாக வருகிறது. பட்டாசில் பேரியம் உப்புக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டபோது, மாற்று வழி தேடி பசுமைப் பட்டாசு தயாரித்தவர்கள் இதையெல்லாம் படித்த விஞ்ஞானிகள்தான்.

அதனால் சேரும் முன்பு லேப்பை நேரில் போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடக்கிற லேப்பில் அறிவியல் வராது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

சில இடங்களில் பாடத்துக்கு கவர்ச்சியாக புதுப்பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் அரசு வேலை அறிவிப்பில் 'பி.எஸ்.சி. வேதியியல்' என்று கேட்டிருந்தால், உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும்.

அது இல்லாவிட்டால், பரீட்சையில் பாஸ் ஆனாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பி விடுவார்கள். "இணை அரசாணை இருக்கா?" என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, அரசாணையின் நகலை வாங்கிப் பாருங்கள்.

முடித்தால் என்ன வழி?

* பி.எட். முடித்து தகுதித் தேர்வு எழுதினால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குப் போட்டியிடலாம்.

* குரூப்-1, குரூப்-2 தேர்வுகள் எழுதலாம்.

* 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்.சி. சேரலாம். இது பலருக்கும் தெரிவதில்லை.

* கணக்கு படித்தவர்கள் நேரடியாக பி.இ. 2-ம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

* மருந்து கம்பெனி, சாயப்பட்டறை, சர்க்கரை ஆலை லேப்களில் வேதியியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவுதான். கைப்பழக்கம் வந்தால் ஏறும்.

உதவித்தொகை

பிளஸ்-2-வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு, மத்திய அரசின் 'இன்ஸ்பையர்' திட்டத்தில் ஆண்டுக்கு 80 ஆயிரம் ரூபாய் உண்டு. நல்ல மார்க் எடுத்தும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் தமிழகத்தில் தொடங்கப்பட்டன. மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப்புதல்வன். கல்லூரி அலுவலகத்திலேயே இதை விசாரிக்கலாம்.

சிதம்பரத்துக்காரர் கதை

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1971-ல் பரோடாவில் முடித்தது சாதாரண பி.எஸ்.சி. இயற்பியல்தான். பிறகு உயிரியல் பக்கம் போனார். 2009-ல் நோபல் பரிசு வாங்கியதோ வேதியியலுக்கு!

எல்லோருக்கும் நோபல் கிடைக்காது. ஆனால் "வேறு வழி இல்லாம சேர்ந்தேன்" என்று பிள்ளை தலைகுனிய வேண்டிய படிப்பு இது இல்லை. கோர்ஸ் பெயர், லேப், அரசாணை. இந்த மூன்றையும் பார்த்த பிறகு அப்ளிகேஷனில் கையெழுத்துப் போடுங்கள்.