முர்டோக்கின் ஓரடி வண்டி

பர்மிங்காம் நகரின் திங்க்டேங்க் அறிவியல் அருங்காட்சியகத்தில், ஏறக்குறைய ஓரடி உயரமுள்ள ஒரு மூன்று சக்கர வண்டி இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ரெட்ரூத் என்ற ஊரில் வில்லியம் முர்டோக் 1784-இல் தன் கையால் செய்தது. உள்ளங்கையில் அடங்கும் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் தானாக ஓடும். இதை வெறும் விளையாட்டுப் பொருளாக எண்ணிக் கடந்துபோகிறவர்கள் நல்லதொரு பாடத்தைத் தவறவிடுகிறார்கள்.

முர்டோக் ஸ்காட்லாந்துக்காரர். மாவாலைகளுக்கு இயந்திரம் அமைப்பவரின் மகன். 1777-இல் பர்மிங்காமுக்கு வந்து, மேத்யூ போல்டனும் ஜேம்ஸ் வாட்டும் நடத்திய சோகோ பட்டறையில் வேலை கேட்டார். அவர் வைத்திருந்த தொப்பி போல்டனின் கண்ணில் பட்டது. அது மரத்தொப்பி, முர்டோக் தாமே அமைத்த கடைசல் இயந்திரத்தில் கடைந்தது, அதுவும் நீள்வட்டமாக! சாதாரணக் கடைசலில் வட்டம்தான் வரும். வேலை கிடைத்தது. சுரங்கங்களில் நீர் இறைக்கும் வாட் இயந்திரங்களை நிறுவிப் பராமரிக்க அவரைக் கார்ன்வாலுக்கு அனுப்பினார்கள்.

அந்த இயந்திரங்களை வண்டியில் ஏற்ற முடியாது. ஆவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்குவதில்தான் அவற்றின் வலிமை இருந்தது. அதற்குத் தனிக் குளிர்கலன், பம்பு, ஓயாமல் குளிர்ந்த நீர் எல்லாம் வேண்டும். முர்டோக் அத்தனையையும் விட்டுவிட்டார். காற்றழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தமுள்ள ஆவியே பிஸ்டனைத் தள்ளட்டும், தள்ளி முடித்த ஆவி வெளிக்காற்றில் போகட்டும் என்று முடிவு செய்தார்.

வண்டியின் அமைப்பு எளிது. பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே செம்புக் கொதிகலன், அதனடியில் விளக்கு. முன்னால் திருப்புவதற்கு ஒரு சிறு சக்கரம். சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 2 அங்குலம். ஏற்றத்தின் துலாவைப்போல மேலே ஒரு தண்டு ஏறி இறங்கும். பிஸ்டன் அதை அசைக்க, அது இணைப்புத்தண்டு வழியாகப் பின்னச்சின் கிராங்கைச் சுழற்றும். வால்வை நகர்த்துவதும் அந்தத் துலாதான். அழுத்தம் எல்லை மீறாமலிருக்கக் கொதிகலனில் பாதுகாப்பு வால்வும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது சிலிண்டர் இருக்கும் இடம். அதன் ஒரு பகுதி கொதிகலனுக்குள் இறங்கியிருக்கிறது. சிறிய பொருள் சீக்கிரம் ஆறிவிடும், ஏனென்றால் அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். முக்கால் அங்குலச் சிலிண்டரை வெளியே நிறுத்தியிருந்தால் உள்ளே வந்த ஆவி சுவரில் பட்டே நீராகியிருக்கும். இதே தொல்லைதான் 1763-64 வாக்கில் வாட்டையும் யோசிக்க வைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த, நியூகோமனின் பழைய நீராவி இயந்திரத்தின் மாதிரியைப் பழுது பார்த்தபோது, அந்தச் சின்னச் சிலிண்டர் ஆவியை விழுங்குவதைக் கண்டார். தனிக் குளிர்கலன் பிறந்தது அந்த யோசனையில்தான்.

சிறியதாக இருப்பதால் வந்த நன்மையும் ஒன்று உண்டு. இந்த வண்டியை எல்லாப் பக்கமும் ஆறு மடங்கு பெரிதாக்குங்கள். பிஸ்டனின் பரப்பு 36 மடங்காகும். எடையோ 216 மடங்காகும். அதே அழுத்தத்தில், ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் உந்துவிசை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மாதிரி துள்ளி ஓடியதே என்று அப்படியே பெரிதாகச் செய்தால் அது நகரவே தயங்கும். ஈடுகட்ட அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் கொதிகலனின் தகடும் இணைப்புகளும் தாங்க வேண்டும். மிகை அழுத்த ஆவியை நினைத்து வாட் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அன்றைய கொதிகலன்கள் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல.

ஆனால் முர்டோக்கைத் தடுத்ததில் நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1786-இல் காப்புரிமை பெற லண்டனுக்குப் புறப்பட்டவரை, எக்ஸிட்டர் அருகே எதிரே வந்த போல்டன் பேசித் திரும்பச் செய்தார். திரும்பி வந்து ட்ரூரோ ஊரில் ஒரு பெரிய அறையில் முர்டோக் வண்டியை ஓட்டிக் காட்டினார். கணப்படுப்பின் கரண்டி, கிளறுகோல், இடுக்கி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அது வட்டமடித்தது. போல்டனே இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனாலும் நிறுவனத்துக்கு வேண்டியது சுரங்க இயந்திரங்களைக் கவனிக்கும் முர்டோக்தான். வண்டி முழு அளவுக்கு வளரவில்லை. 1792-இல் ரெட்ரூத் வீட்டில் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றியவரும் இவரே என்பதை நினைத்தால், அந்த நிறுவனம் எப்படிப்பட்ட மனத்தைச் சுரங்க வேலையில் கட்டி வைத்திருந்தது என்பது புரியும்.

தனிக் குளிர்கலனுக்கு வாட் பெற்றிருந்த காப்புரிமை 1800-இல் முடிந்தது. 1801 டிசம்பர் 24 அன்று, ரெட்ரூத்துக்குப் பக்கத்து ஊரான கேம்போர்னில் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் முழு அளவு நீராவி வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது. மிகை அழுத்த ஆவி, குளிர்கலன் கிடையாது, சிலிண்டர் கொதிகலனுக்குள். முர்டோக்கின் மாதிரியை ட்ரெவிதிக் நேரில் பார்த்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.