சிடி ஏன் ஒருமுறைதான் வேகும்?

விருத்தாசலம் செராமிக் சூளையில் வெந்த மண் மறுபடி களிமண் ஆகாது. சிடி-ஆர் வட்டும் அப்படித்தான். ரைட்டரின் 780 நானோமீட்டர் லேசர் பட்ட இடத்தில் சாயம் வெந்து, ஒளியைத் திருப்பி அனுப்பும் திறன் குறைகிறது. வட்டைப் புரட்டினால் எழுதிய வளையம் மட்டும் நிறம் மாறித் தெரியும்.

பாட்டு எழுதும்போது எம்பி3 கோப்புகளை அப்படியே வட்டில் ஏற்றினால் பழைய சிடி பிளேயர் பாடாது. அதற்கு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் வேண்டும். 700 எம்பி வட்டில் 80 நிமிடம் அடங்கும்.

கச்சேரிப் பதிவு என்றால் கூடுதல் கவனம் தேவை. பாட்டுப் பாட்டாக லேசரை நிறுத்தி எழுதினால், ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே 2 நொடி மௌனம் விழுந்து மனசைக் கெடுக்கும். ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில் அந்த இடைவெளியை நீக்கலாம். லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள் கே3பியிலேயே இந்த வசதி இருக்கிறது.